தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரம் போதாது

வழிகாட்டியுடன் செல்லும் சோழமண்டலக் கடற்கரைச் சுற்றுலாவில் தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்று அச்சுற்றுலா பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவுடன் 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பத் தொடங்கிய கோட்டையைச் சுற்றிப் பார்த்துப் படமெடுக்க அந்த நேரம் போதும். ஆனால், 1706இல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானியக் கிறித்தவ மறைபணியாளர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட வரலாற்றையும், 1718இல் அவர் கட்டிமுடித்து, மறு ஆண்டே அதனுள் அடக்கம் செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தையும் நிதானமாகக் கேட்டறியக் குறைந்தது அரைநாள் வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது மாசிலாமணிநாதர் கோயில்தான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதியோ அலைகளுக்கு மிக அருகில் நிற்கிறது. எங்கள் வழிகாட்டி அதைத் தொலைவிலிருந்தே சுட்டிக்காட்டிவிட்டு, பூம்புகாருக்கு நேரமாகிறது என்று எங்களைப் பேருந்தில் ஏறச் சொல்லிவிட்டார். சுற்றுலாவை ஏற்பாடு செய்வோர் மாலையில் இங்கு வந்து தங்கி, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் அக்கோயிலைக் காணும்படி பயணத்தை அமைக்க வேண்டும்.