வெண்டிப் பூவை எண்ணிப் பாருங்கோ

முற்பணம் கட்டின குடும்பங்களுக்குக் கிழமைக்கு கிழமை மரக்கறிப் பெட்டி குடுக்கிற தோட்டக்காரர், பாத்திக்கு இத்தினை கிலோ வரும் எண்டு முதலே கணக்குப் போடோணும் எண்டு உங்கட கட்டுரையில விளைச்சல் அட்டவணையோட எழுதியிருக்கிறியள், சரிதான், ஆனா அந்த அட்டவணையை மட்டும் நம்பேலாது. யாழ்ப்பாணத்தில கோப்பாய்ப் பக்கம் செம்மண்ணில நாலு பரப்பில, அதாவது கால் ஏக்கரில, நாங்கள் 20 வீட்டுக்குக் குடுக்கிறம், வீட்டுக்கு அரைக் கிலோ வெண்டிக்காய் எண்டா கிழமைக்கு 10 கிலோ, ஆனா நடேக்க 13 கிலோவுக்குப் பாத்துத்தான் நடுறது, பூச்சிக்கும் முத்தலுக்கும் கழிஞ்சு போகுமெல்லே. விடியத் தண்ணி இறைக்கப் போகேக்க வெண்டிப் பூவை எண்ணுவன். பூத்து அஞ்சாறு நாளில காய் ஆயலாம், அப்ப திங்கள் எண்ணின பூ சனிக்கிழமைப் பெட்டிக்குள்ள நிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயாட்டி முத்திப்போடும், பிறகு அந்தக் கணக்கும் பிழைச்சுது.

கீரை சுகம், 25 நாளில வெட்டலாம், கிழமைக்கு ஒரு பாத்தி விதைச்சா குறையிற இடத்தை அது நிரப்பும்.

மாரி மழைதான் பெரிய பாடு. 2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில காய்ச்சு நிண்ட கத்தரி முழுக்க வேரழுகி வாடிட்டுது, நெஞ்சு வெடிச்ச மாதிரி இருந்தது. மரவள்ளிக்கிழங்கும் முருங்கையிலையும் வச்சுத்தான் பெட்டி குடுத்தம், ஒரு அம்மா "இது காணும் தம்பி, கத்தரி பிறகு தாங்கோ" எண்டு சொன்னா. அதுக்குப் பிறகு கார்த்திகை, மார்கழிப் பெட்டிக்கு நான் இத்தினை கிலோ எண்டு ஆருக்கும் சொல்லுறேல்லை, காசு வாங்கேக்கையே அதைச் சொல்லிப்போடுவன்.