கடற்கரையைச் சலிப்பது மக்களின் வேலை அல்ல

பிளாஸ்டிக் மாசு என்று பேச்செடுத்தாலே ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 2025 மே 25 அன்று ஆலப்புழைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களோடு மூழ்கியது. சில நாட்களிலேயே கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. பிறகு தனுஷ்கோடியிலும் ஒதுங்கியது. இதில் எந்த மீனவருக்கு விழிப்புணர்வு போதவில்லை?

நர்டில் எனப்படும் இந்தக் குருணைதான் பிளாஸ்டிக் தொழிலின் மூலப்பொருள். குடமும் குழாயும் பொம்மையும் இதை உருக்கித்தான் செய்யப்படுகின்றன. ஒவ்வொன்றும் பருப்பு அளவுதான், 2 முதல் 5 மில்லிமீட்டர். மணலில் விழுந்துவிட்டால் அதை அள்ளுவது எவ்வளவு பாடு என்பது கரையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அலை விட்டுப்போன தடத்தில் பாசியோடும் சருகோடும் பின்னிக்கொண்டு கிடக்கும். ஈர மணலைச் சல்லடையில் போட்டால் இறங்காது. காயவைத்துச் சலித்தாலும் குருணையோடு சிப்பித் துண்டுகளும் மேலே தங்கிவிடும். பிறகு விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான். ஒரு சாக்கு நிறைவதற்குள் அடுத்த ஏற்றம் இன்னும் கொஞ்சத்தைக் கொண்டுவந்து கொட்டும். கடலிலேயே தங்கிவிடுவதை மீன்கள் முட்டை என்று நினைத்து விழுங்குகின்றன. நீரில் கலந்திருக்கும் நச்சுப் பொருட்களும் இதன் மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மக்கிப்போகாது, வெயிலிலும் அலையிலும் உடைந்து உடைந்து, கண்ணுக்கே தெரியாத துகளாகும்.

இது நமக்கு முன்பின் தெரியாத ஆபத்தும் அல்ல. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறக்குறைய 1,680 டன் குருணை இருந்தது. இலங்கையின் மேற்குக் கரை முழுக்க வெள்ளையாகிப்போன படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். மீன்பிடிக்கத் தடை விதித்தார்கள், மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது 2025 ஜூலையில், அதாவது நான்கு ஆண்டுகள் கழித்து. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் அரசு அந்த நான்கு ஆண்டுகளில் எதைக் கற்றுக்கொண்டது?

2024 மார்ச்சில் மத்திய அரசு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளைத் திருத்தியது. நுண்பிளாஸ்டிக் என்றால் 1 மைக்ரான் முதல் 1,000 மைக்ரான் வரை உள்ள துகள் என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். 1,000 மைக்ரான் என்பது 1 மில்லிமீட்டர். ஆய்வாளர்கள் பொதுவாக 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள அனைத்தையும் நுண்பிளாஸ்டிக் என்றுதான் கணக்கில் கொள்கிறார்கள். ஆக, நம் கரையில் வந்து குவிந்த குருணை, நம் நாட்டு விதிப்படி நுண்பிளாஸ்டிக்கே இல்லை! மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கப்படுவதை மனத்தில் வைத்து எழுதிய வரையறை அது என்பது எனக்கும் புரிகிறது. கடலை மனத்தில் வைத்து யார் எழுதுவது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. நல்ல சட்டம், முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் சாம்பாரைப் பையில் கட்டிக்கொடுத்த இட்லிக் கடைக்காரரிடம் அபராத ரசீது நீட்டும் அதே நாட்டில், டன் கணக்கில் குருணை சாதாரணச் சரக்காகக் கப்பலேறிப் போகிறது. சர்வதேச விதிகளின் அபாயச் சரக்குப் பட்டியலில் அது இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் சில பரிந்துரைகள் தந்தது: உறுதியாகப் பொதியுங்கள், சரக்கு விவரத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள், கூடியவரை மேல்தளத்துக்குக் கீழே அடுக்குங்கள். அத்தனையும் பரிந்துரைதான், கட்டாயம் எதுவும் இல்லை.

கட்டாயமாக்க முடியாதா என்றால், முடியும். ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் குருணை கையாளும் நிறுவனங்கள் கசிவைத் தடுக்கும் ஏற்பாடுகளைச் செய்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் சட்டமே கொண்டுவந்துவிட்டது. கப்பலில் கொண்டுபோவதற்கும் அதில் நிபந்தனைகள் உண்டு. தொழில் நசிந்துவிடும் என்ற வாதம் அங்கும் எழுந்ததுதான். சிந்தாமல் கொண்டுபோகச் சொன்னால் நசிந்துவிடும் தொழில் என்ன தொழில்?

கடல்வழிக் கப்பல் போக்குவரத்து அரசியலமைப்பின்படி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. எல்சா 3 மூழ்கியதோ நாட்டின் கடல் எல்லையான 12 கடல் மைலுக்கு வெளியே. மாநில அரசு கரையைத் துப்புரவு செய்யலாம், வழக்குப் போடலாம். கேரளம் 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு என்பது எல்லாம் சிந்திய பிறகு நடப்பது. சிந்துவதற்கு முன்னால் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம்தான் இயற்ற முடியும்.

அந்தச் சட்டத்தில் குருணை அபாயச் சரக்காக அறிவிக்கப்பட வேண்டும். நுண்பிளாஸ்டிக் வரையறை 5 மில்லிமீட்டர் வரை நீள வேண்டும். சிந்தினால் அள்ளும் செலவையும், வலை இறக்க முடியாத நாட்களுக்கான கூலியையும் வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் கப்பல் நிறுவனம் முதலிலேயே கட்ட வேண்டும். கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம் எம்.பி.க்கள் மூவரும் அடுத்த கூட்டத்தொடரில் இதைத் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவர வேண்டும். இந்தத் தொகுதிகளில் வாக்குள்ளவர்கள் அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள்.