அக்கிக்குப் பணம் உண்டு, அக்கி ஊசிக்கு இல்லை

அப்பாவுக்குப் போன வருடம் அக்கி வந்தது. நெற்றியில் தொடங்கி வலது கண் இமை வரைக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பார்வைக்கே ஆபத்து என்று மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். நான்கு நாள். காப்பீட்டு நிறுவனம் மறு கேள்வி கேட்காமல் பில்லைக் கட்டியது. அந்த விஷயத்தில் நான் குறை சொல்ல மாட்டேன்.

கொப்புளம் காய்ந்த பிறகுதான் நிஜமான அவஸ்தை ஆரம்பித்தது. தலையணையில் முகம் படக்கூடாது, மின்விசிறிக் காற்று படக்கூடாது. நரம்பு வலி ஏழு மாதம் நீடித்தது. 68 வயது மனிதர் நடுராத்திரியில் விளக்கைக்கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த மாத்திரைகளுக்குக் காப்பீடு கிடையாது, ஏனென்றால் அவர் படுக்கையில் சேர்க்கப்பட்ட நோயாளி இல்லை. சரி, அது வேறு கதை.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த அம்மா அரண்டுபோய்விட்டார். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இருக்கிறது, இரண்டு தவணை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். முதல் தவணை போட்டோம். ரசீதை அதே நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: தடுப்புச் செலவுகளுக்குப் பாலிசியில் இடமில்லை.

பாலிசிப் புத்தகத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். ஆமாம், ஒன்பது வருடம் பிரீமியம் கட்டிய பிறகு. எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்ற நீண்ட பட்டியலின் நடுவில் அந்த வரி இருந்தது. தடுப்பூசிச் செலவு கிடையாது, விலங்கு கடித்த பிறகு போடும் ஊசியைத் தவிர. நாய்க்கடி வாங்கிக்கொண்டு வா, தருகிறோம் என்கிறார்கள்.

என் பள்ளித் தோழன் ஒருவன் காப்பீட்டுத் துறையில் கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறான். அவனிடம் புலம்பினேன். சிரித்தான். "காப்பீடுங்கிறது வருமா வராதான்னு தெரியாத செலவுக்குடா. ஊசி அப்படி இல்ல. நீயே நாள் பார்த்து, நீயே போய்ப் போட்டுக்கிற. பத்தாயிரம் பேர் பாலிசி எடுத்தா பத்தாயிரம் பேரும் ரசீதை நீட்டுவான். அதுக்குப் பேரு காப்பீடா? தவணை கட்டி ஊசி வாங்குறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னு ஆயில் மாத்தக் காசு கேட்பியா நீ?"

இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

என் வண்டிக்கு நான் ஆயில் மாற்றினால் பக்கத்து வீட்டு வண்டி நன்றாக ஓடாது. ஊசியில் அது நடக்கிறது. தட்டம்மை வந்த ஒருவர், எதிர்ப்புச் சக்தியே இல்லாத கூட்டத்தில் இருந்தால் 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். அது பரவாமல் நிற்க வேண்டுமானால் நூற்றுக்கு 95 பேராவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டிருந்தால், ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தையும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரும் சேர்ந்து தப்பிக்கிறார்கள். அமெரிக்காவில் 2000-ல் குழந்தைகளுக்கு, நிமோனியா போன்றவற்றை உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் ஊசியைப் போட ஆரம்பித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஊசி போட்டது பேரப்பிள்ளைகளுக்கு. அந்தக் கிருமியால் வரும் தீவிர நோய் தாத்தா பாட்டிகளிடமும் குறைந்தது. இனி இதன் செலவை யார் கணக்கில் எழுதுவது? குழந்தையின் பாலிசியிலா, தாத்தாவின் பாலிசியிலா?

எல்லா ஊசியும் இந்த ரகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெட்டனஸ் மண்ணிலிருந்தும் அழுக்கிலிருந்தும் காயம் வழியாக வருவது, ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. ஊரே போட்டுக்கொண்டாலும் போடாதவனுக்குப் பாதுகாப்பில்லை. அக்கியும் கிட்டத்தட்ட அப்படித்தான். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்புக்குள் பதுங்கிக் கிடந்து, வயதான காலத்தில் எழுந்து வருகிறது. அம்மாவுக்குப் போட்ட ஊசி அம்மாவுக்கு மட்டும்தான். ஆக, அடுத்தவருக்கும் நன்மை என்ற என் வாதம் என் வீட்டு ரசீதுக்கே பொருந்தவில்லை!

அதற்குப் பொருந்துவது வேறொரு வாதம். காலம்.

ஹெபடைடிஸ் பி கிருமி பிறக்கும்போதே தொற்றினால், அந்தக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. கல்லீரல் சுருங்குவதும் புற்றுநோயும் வருவது பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்து. தைவான் 1984-ல் பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போட ஆரம்பித்தது. பின்னாளில் அங்கே சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோயே குறைந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இப்படித்தான். இங்கிலாந்தில் 2008-ல், அதை உண்டாக்கும் ஹெச்பிவி கிருமிக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 12, 13 வயதில் ஊசி வழங்கப்பட்ட தலைமுறையில் அந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைவு என்று 2021-ல் ஆய்வு வெளியானது. ஊசிக்கும் பலனுக்கும் நடுவே பத்து வருடத்துக்கு மேல்.

பாலிசியோ வருடா வருடம் புதுப்பிப்பது. வேலை மாறினால் நிறுவனம் மாறுகிறது, பிரீமியம் ஏறினால் நாமே மாற்றிவிடுகிறோம். 12 வயதுப் பெண்ணுக்கு இன்றைக்கு ஊசிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம், அவளுடைய 40 வயது ஆஸ்பத்திரிச் செலவு மிச்சமாகும்போது அவளுக்குக் காப்பீடு தந்துகொண்டிருக்காது. மிச்சம் போட்டியாளருக்குப் போகும். இதைத் தோழனிடம் சொன்னபோது, "இப்பத்தான் நீ எங்க ஆபீஸ் ஆள் மாதிரி பேசுற" என்றான்.

நல்ல மனசு இருந்தால் கொடுப்பார்கள், விழிப்புணர்வு வந்தால் கொடுப்பார்கள் என்றெல்லாம் நானும் நம்பியிருந்தேன். இப்போது நம்பவில்லை. தனியாக ஒரு நிறுவனம் மட்டும் தடுப்பூசிக்குப் பணம் கொடுக்க முன்வந்தால், செலவு அதன் தலையில், லாபம் ஊர் முழுக்க. எந்த நிறுவனமும் தானாக அதைச் செய்யாது. எல்லோரும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னால்தான் நடக்கும். அப்போது ஒருவர் கொடுத்ததன் பலன் மற்றவருக்குப் போனாலும், மற்றவர் கொடுத்ததன் பலன் இவருக்கு வந்துவிடும்.

அப்படிச் சட்டம் போட்ட நாடுகள் இருக்கின்றன. ஜெர்மனியில் ஸ்டிகோ என்ற தடுப்பூசி ஆணையம் பரிந்துரைக்கும் ஊசிகளைப் பொதுக் காப்பீட்டு நிதியங்கள் தர வேண்டியது 2007 முதல் கடமை. அமெரிக்காவுக்குப் புத்தி வந்த விதம் கொடுமையானது. 1989 முதல் 1991 வரை அங்கே தட்டம்மை பரவியது. 55,000 பேருக்கு மேல் நோய், 120 பேருக்கு மேல் சாவு. விசாரித்துப் பார்த்தால், நோய் வந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் ஊசி போடாதவர்கள். அவர்களில் பலர் மருத்துவரைப் போய்ப் பார்த்தவர்கள்தான். மருத்துவர் முன்னால் உட்கார்ந்துவிட்டு ஊசி இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு 1993-ல் சட்டம் இயற்றி, 1994-ல் காப்பீடு இல்லாத, வசதி குறைந்த குழந்தைகளுக்கு அரசே ஊசி வாங்கிக் கொடுக்கும் திட்டம் வந்தது. தனியார் காப்பீடுகள் பரிந்துரைக்கப்பட்ட ஊசிகளை நம் கையிலிருந்து ஒரு காசும் வாங்காமல் தர வேண்டும் என்பது 2010-ம் ஆண்டுச் சட்டம்.

ஜப்பான் இதற்கு நேர் எதிர். அங்கே பொது மருத்துவக் காப்பீடு நோய்க்குத்தான்; தடுப்பூசி அதில் சேராது. என் தோழன் அங்கே பிறந்திருக்க வேண்டியவன். ஆனால் வழக்கமான ஊசிகளின் செலவை உள்ளாட்சிகள் ஏற்கின்றன. எனக்கு அதில் ஆட்சேபமே இல்லை. எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது பெரிய விஷயமில்லை, யாருடைய பை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் பெரும்பாலான நாடுகள் இதை ஒருவழியாகச் செய்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 1974-ல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்துக்குப் பிறகு அரசுகளே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டன. அந்த ஐம்பது ஆண்டுகளில் தடுப்பூசிகள் 15.4 கோடி உயிர்களைக் காப்பாற்றின என்பது அந்த நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்கு.

பெரியவர்கள்தான் நடுவில் விழுந்துவிடுகிறோம். குழந்தைக்கு அட்டை இருக்கிறது, தேதி இருக்கிறது, போடாவிட்டால் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். நாற்பது வயதுக்காரனை யார் கேட்கிறார்கள்? கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. எனக்கு ஞாபகமே இல்லை. ஏதோ ஆணி குத்தியபோது.

சட்டம் இருந்தும் பெரியவர்கள் எப்படித் தடுக்கி விழுகிறார்கள் என்பதற்கும் அமெரிக்காவில் உதாரணம் உண்டு. அங்கே முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் ஃப்ளூ ஊசி ஒரு பிரிவில் வருகிறது, அக்கி ஊசி இன்னொரு பிரிவில். முதல் பிரிவு மருத்துவர் பில்லுக்கானது, ஊசி இலவசம். இரண்டாவது மருந்துக்கடை பில்லுக்கானது. அதில் 2022 கடைசி வரை கையிலிருந்து ஒரு பங்கு கட்ட வேண்டும். அதே கை, அதே தோள், ஒரு ஊசிக்குக் காசு, ஒன்றுக்கு இல்லை. 2023 ஜனவரி முதல்தான் அந்தப் பங்கையும் நீக்கினார்கள்.

பங்கு சின்னதுதானே, அதற்கு ஏன் இத்தனை பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. வலிக்கிறபோது மனிதன் கடன் வாங்கியாவது கட்டுவான். வலியே இல்லாத நாளில், வரலாம் வராமலும் போகலாம் என்கிற நோய்க்காகப் பர்ஸைத் திறக்கச் சொன்னால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்பான். என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார், அக்கி வருவதற்கு முந்தைய வருடம். ஊசி வந்திருப்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் வாதத்தில் இருக்கிற ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். சட்டம் போட்டால் போதும் என்றேன். சட்டம், நிபுணர் குழு சொல்வதைக் கொடு என்கிறது. அந்தக் குழுவே ஆட்டம் கண்டால்? 2025 ஜூனில் அமெரிக்க சுகாதாரச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 பேரையும் ஒரேயடியாக நீக்கினார். குழுவின் பரிந்துரை மாறினால் காப்பீட்டின் கடமையும் மாறும் என்பதால் பெற்றோர் பயந்தார்கள். செப்டம்பரில் எதிர்பாராத இடத்திலிருந்து பதில் வந்தது. காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம், 2025 செப்டம்பர் 1 அன்று பரிந்துரையில் இருந்த எல்லா ஊசிகளுக்கும் 2026 முடியும் வரை தங்கள் உறுப்பினர்கள் பணம் தருவார்கள் என்று அறிவித்தது.

இதைத் தோழனுக்கு அனுப்பினேன். தானாகச் செய்ய மாட்டார்கள் என்றேனே, செய்துவிட்டார்களே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அவன் பதில்: "தனித்தனியா செஞ்சிருந்தா ஆச்சரியப்படு. சங்கமாத்தானே சொல்றாங்க. எல்லாரும் சேர்ந்து கொடுத்தா யாருக்கும் நஷ்டமில்ல. அதோட பதினஞ்சு வருஷமா கொடுத்துப் பழகின கணக்கு, அதைக் கலைச்சா ஆஸ்பத்திரி பில்லு கூடும்னு அவங்களுக்குத் தெரியும்." ஆக, முதலில் சட்டம் பழக்கியிருக்கிறது, அப்புறம் கணக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது.

பிரீமியம் ஏறுமா என்று கேட்டால், ஏறும். ஒளிக்க வேண்டியதில்லை. எல்லோர் பிரீமியத்திலும் கொஞ்சம் கூடும். எனக்குச் சம்மதம். எல்லா ஊசிக்கும் தர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் போகிறவரின் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு நான் ஏன் பங்கு கட்ட வேண்டும்? பயணச் செலவோடு அவரே சேர்த்துக்கொள்ளட்டும். வேலைக்காக அனுப்பினால் அனுப்பும் நிறுவனம் கட்டட்டும்.

பாலிசி புதுப்பிக்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். "தடுப்பூசிக்கு உண்டா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், உண்டு என்பார்கள். எந்தெந்த ஊசி, எந்த வயதுக்கு, மருத்துவர் போட்டால் மட்டுமா மருந்துக்கடையில் போட்டாலுமா, அவர்கள் பட்டியலில் உள்ள இடத்தில்தான் போட வேண்டுமா என்று கேளுங்கள். மருந்தின் விலையோடு ஊசி போடும் கூலியும் மருத்துவரைப் பார்த்த கட்டணமும் சேருமா என்பது தனிக் கேள்வி. ஊசி இலவசம் என்று போய்விட்டு மற்ற இரண்டுக்கும் பணம் கட்டி வந்தவர்கள் உண்டு. பதிலை எழுத்தில் வாங்குங்கள். அலுவலகத்தில் குழுக் காப்பீடு இருந்தால் இன்னும் சுலபம். ஒரு ஆள் கேட்டால் மறுப்பவர்கள், முந்நூறு பேர் சார்பில் மனிதவளத் துறை கேட்டால் பேச்சுவார்த்தைக்கு வருகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஃப்ளூ ஊசி அப்படித்தான் சேர்ந்தது.

எங்கள் குடும்பப் பாலிசிக்குப் புதுப்பிக்கும் தேதி அடுத்த மாதம் 19. மேலே சொன்ன கேள்விகளையெல்லாம் முகவருக்கு அனுப்பியிருக்கிறேன். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் சார்" என்றார், பதினோரு நாளாகிறது. அம்மாவின் இரண்டாவது தவணை வரும் வியாழக்கிழமை. அப்பாவும் கூட வருகிறாராம். ஒரு முறை வந்துவிட்டுப் போனாலும் அக்கி திரும்பி வரலாம், அதனால் அவரும் போட்டுக்கொள்வது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்த முறை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை.