ஆச்சியின் பேரன் போட்ட ஓட்டு

(கானாடுகாத்தான். பழைய செட்டிநாட்டு வீடு. வளவில் ஆத்தங்குடிக் கல் நாலைந்து ஆட்டம் காண்கிறது. சரிசெய்ய வந்த கருப்பையா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரண்டிப் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காது கொடுக்கிறார். ஆச்சி தூணில் சாய்ந்து பூண்டு உரிக்கிறார். தூண் பர்மா தேக்கு. இருவரில் யார் மூத்தவர் என்று சொல்வது கஷ்டம்.)

கருப்பையா: (டக்) இது நல்ல கல். (டக்) இதுவும் நல்ல கல். (டொக்) இது போச்சு, ஆச்சி. மேலே பளபளப்பு, அடியில் காலி.

ஆச்சி: மாசாமாசம் உமி போட்டுத் தேய்க்கச் சொல்கிறேனே!

கருப்பையா: உமி மேலேதானே மினுக்கும்? அடியில் மண் இறங்கினால் அது என்ன செய்யும்?

ஆச்சி: இதையேதான் என் பேரனும் போனில் சொன்னான்.

கருப்பையா: தம்பி லண்டனில் கல்லா பதிக்கிறார்?

ஆச்சி: வாயைக் கழுவு! ஆஸ்பத்திரியில் வேலை. அதுவும் லண்டன் இல்லை, வடக்கே கடலோரத்தில் ஹார்ட்டில்பூல். கப்பல் கட்டினவர்களும் இரும்பு ஆலையில் வெந்தவர்களும் வாழ்ந்த ஊர். 2021 மே மாதம் அங்கே எம்.பி. இடைத்தேர்தல். இவன் நம்ம நாட்டுப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே போய் ஓட்டுப் போட்டுவிட்டான்.

கருப்பையா: வெள்ளைக்காரன் எம்.பி.க்கு நம்ம ஆள் ஓட்டா?

ஆச்சி: காமன்வெல்த் நாட்டுக்காரர் முறையாகக் குடியிருந்தால் உண்டாம். சிவகங்கை எம்.பி.க்குப் போடத்தான் விமானம் ஏறி வரவேண்டும்.

கருப்பையா: இங்கே கொடுக்கிற காசு மதுரையிலிருந்து வருகிற டாக்சிக்கே காணாது. சரி, அங்கே எவ்வளவு கொடுத்தார்கள்?

ஆச்சி: ஒரு டீ கூட இல்லை.

கருப்பையா: அப்புறம் அது என்ன இடைத்தேர்தல்? 2017-ல் ஆர்.கே. நகரில் பணப் பட்டுவாடா என்று ஏப்ரல் தேர்தலையே ரத்து செய்து, டிசம்பரில் நடத்தினார்கள். அது இடைத்தேர்தல்! விரலில் மையாவது வைத்தார்களா?

ஆச்சி: மையும் இல்லை, மெஷினும் இல்லை. சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி. பேரையும் விலாசத்தையும் சொன்னால் சீட்டைக் கொடுத்துவிட்டார்களாம், அப்போது அடையாள அட்டையே கேட்கவில்லை.

கருப்பையா: (கரண்டியைக் கீழே வைத்து) பேரைச் சொன்னால் போதுமா? எங்கள் தெருவில் செத்துப்போன ஏழு பேர் அங்கே பிறந்திருக்க வேண்டியவர்கள்.

ஆச்சி: இதைக் கேள். சில ஊர்களில் சாராயக் கடையிலேயே வாக்குச்சாவடியாம். பப் என்பார்களே, அதில்.

கருப்பையா: அடேயப்பா! இங்கே ஓட்டு என்றால் கடையை மூடுகிறான், அங்கே கடைக்குள்ளேயே ஓட்டா? நூறு சதவீதம் விழுந்திருக்குமே!

ஆச்சி: ஹார்ட்டில்பூலில் விழுந்தது 42.7.

கருப்பையா: நன்றி கெட்ட ஜனம்.

ஆச்சி: நின்றவர்கள் மட்டும் பதினாறு பேர். டெபாசிட் ஆளுக்கு 500 பவுண்டு, நூற்றுக்கு ஐந்து ஓட்டு வாங்கினால்தான் திரும்பி வரும். பதிமூன்று பேருக்கு வரவில்லை. 6,500 பவுண்டு, கருப்பையா! வட்டிக்கு விட்டிருந்தால்...

கருப்பையா: ஆச்சி, பூண்டு.

ஆச்சி: (தோலைப் பாத்திரத்திலும் பல்லை முறத்திலும் போட்டதைக் கவனித்து மாற்றுகிறார்) அந்த ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. நெப்போலியன் காலத்தில் கரை ஒதுங்கிய குரங்கைப் பிரெஞ்சு உளவாளி என்று தூக்கில் போட்டதாக ஒரு கதை. அவர்கள் கால்பந்துக் குழுவுக்குக் குரங்குதான் சின்னம். 2002-ல் அந்தக் குரங்கு வேஷம் கட்டுகிற பையன் மேயர் தேர்தலில் நின்றான். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் இலவசம் என்றான். மூன்று தடவை ஜெயித்தான்.

கருப்பையா: மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை, வெறும் வாழைப்பழத்துக்கு மூன்று தடவையா? நம்ம ஆள்கள் காதில் விழுந்துவிடப் போகிறது. சரி, எம்.பி. யார்?

ஆச்சி: 1974-ல் அந்தத் தொகுதியை உண்டாக்கியதிலிருந்து தொழிலாளர் கட்சியைத் தவிர வேறு யாரும் வந்ததில்லை. கோட்டை என்றால் அப்படி ஒரு கோட்டை. இந்தத் தடவை அந்தக் கட்சிக்கு ஒரு டாக்டர். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு விவசாயம் பார்க்கிற ஒரு பெண். விடிய விடிய எண்ணினார்கள். அந்தப் பெண் 6,940 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள்.

கருப்பையா: நாற்பத்தேழு வருஷக் கல் ஒரே ராத்திரியிலா பெயர்ந்தது? இருக்காதே. முன்னாடியே சத்தம் கேட்டிருக்குமே!

ஆச்சி: கேட்டிருக்கிறது. 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகவேண்டும் என்று அந்த ஊரில் பத்துக்கு ஏழு பேர் போட்டார்கள். 2019-ல் எதிர் ஓட்டு இரண்டாகப் பிரிந்ததால் தொழிலாளர் கட்சி தப்பித்தது.

கருப்பையா: டொக். உமி போட்டுத் தேய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆச்சி: விடிந்ததும் ஓட்டு எண்ணிய இடத்துக்கு வெளியே அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் மாதிரி காற்றடைத்த பொம்மை, இந்த முகப்பு உயரத்துக்கு.

கருப்பையா: பாலாபிஷேகம்?

ஆச்சி: அந்த விவரமெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. 2024-ல் பழைய கட்சியே திரும்பவும் வந்துவிட்டது.

கருப்பையா: அப்படியானால் கல்லை எடுத்து, மண்ணைக் கெட்டித்து, அதே கல்லைத் திரும்பப் பதித்திருக்கிறார்கள்.

ஆச்சி: மண்ணைக் கெட்டித்தார்களா என்று தெரியாது. அந்த ஊர்த் துறைமுகத்தில் ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறதாம். 1817-ல் பம்பாயில் கட்டியது, முழுக்க நம்ம மலபார்த் தேக்கு. இங்கே பர்மா தேக்கு, அங்கே மலபார்த் தேக்கு. மரத்துக்கு மட்டும் சொந்த ஊரில் நிற்கக் கொடுத்துவைக்கவில்லை.

கருப்பையா: மரத்தை விடுங்கள். தம்பி யாருக்குப் போட்டார்?

ஆச்சி: கேட்டேனே! படிக்கவைத்தது நான், விமான டிக்கெட் எடுத்தது நான், மாவுருண்டை உருட்டி அனுப்பியது நான். 'அப்பத்தா, அது ரகசியம்' என்கிறான்.

கருப்பையா: சரி, நீங்கள் யாருக்குப் போடுவீர்கள்?

ஆச்சி: அந்த மூலையில் இரண்டு கல் பாக்கி இருக்கிறது. தட்டு.