‘நோஏசி’ போட்டால் போதுமா?

வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் (NFS) முறையில், பகிர்ந்த அடைவைக் கணினியுடன் இணைக்கும்போது (மவுண்ட்) ‘நோஏசி’ (noac) என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எல்லாக் கணினிகளும் கோப்பை எப்போதும் ஒரேபோலப் பார்க்கும் என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. தவறு.

லினக்ஸ் கிளையன்ட், அதாவது அடைவை இணைத்துப் பயன்படுத்தும் கணினி, கோப்பின் அளவு, மாற்ற நேரம் போன்றவற்றை இயல்பாக 3 முதல் 60 விநாடி வரை நினைவில் வைக்கும். அடைவுகளுக்கு 30 முதல் 60. நோஏசி இதை நிறுத்துவதோடு, எழுதுவதையும், தரவு சர்வரைச் சேரும்வரை காத்திருக்கும் ‘சிங்க்’ (sync) முறைக்கு மாற்றிவிடும். பலர் கவனிக்காத இடம் இதுதான்: வேகம் படுத்துவிடும். அப்படியும் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் பாதுகாப்பில்லை. அதற்குக் கோப்புப் பூட்டு வேண்டும்.

வேறொரு கணினி உருவாக்கிய புதுக் கோப்பு தாமதமாகத் தெரிவதுதான் சிக்கலா? ‘கோப்பு இல்லை’ என்ற பழைய பதிலை நம்பாமல் மீண்டும் கேட்க வைக்கும் ‘லுக்அப்கேஷ்=பாசிட்டிவ்’ (lookupcache=positive) விருப்பம் பெரும்பாலும் போதும். மாறாத தரவுக்கோ, நினைவில் வைக்கும் நேரத்தைக் குறிக்கும் ‘ஆக்டிமியோ’ (actimeo) மதிப்பைத் தாராளமாக உயர்த்தலாம்.