சாதியை உரக்க வாசித்தால் என்ன ஆகும்?

பொருளாதாரத்தில் ஆய்வகச் சோதனை என்றாலே நம்மில் பலருக்கு இளக்காரம்தான். நாலு பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, கையில் கொஞ்சம் காசு கொடுத்து விளையாடச் சொன்னால் சமூகம் புரிந்துவிடுமா என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் பொருளாதார ஆய்வாளர்களான கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் செய்த சோதனையைப் படிக்க வேண்டும். அது உலக வங்கியின் ஆய்வறிக்கையாக 2004-இல் வந்தது. தமிழில் நாம் அதைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆதிக்க சாதிகளைச் சேர்ந்த 321 பள்ளிச் சிறுவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த 321 சிறுவர்கள். ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, சிறுவர் இதழ்களில் வருமே, வழி கண்டுபிடிக்கும் புதிர், அதைக் கொடுத்தார்கள். தீர்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு ரூபாய். சில குழுக்களில் யாருடைய சாதியைப் பற்றியும் பேச்சே இல்லை. வேறு சில குழுக்களில், தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், தந்தை பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார்கள்.

வேறு எதையும் மாற்றவில்லை.

சாதி சொல்லப்படாத குழுக்களில் இரு தரப்புச் சிறுவர்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. சாதி வாசிக்கப்பட்டதும் பெரிய இடைவெளி விழுந்தது; ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் குறைந்துவிட்டன. 'தகுதி' என்று மூச்சுக்கு மூச்சு சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சில நிமிடங்களுக்குள் ஒரு பிள்ளையின் மூளை மாறிவிடாது. ஒரு குரல் ஒரு பட்டியலை வாசித்தது, அவ்வளவுதான்.

தேர்வு மதிப்பெண்களை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மதிப்பெண்ணில் வறுமை, பெற்றோரின் படிப்பு, டியூஷன், ஆசிரியரின் மனச்சாய்வு, வீட்டில் விளக்கு இருந்ததா இல்லையா என்பது வரை எல்லாம் கலந்து கிடக்கின்றன. எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும் அதிலிருந்து ஒரு சான்றை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகம் அந்தச் சிக்கலிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி எடுத்துக் காட்டுகிறது. செயற்கையானது என்று சொல்லித் தள்ளுகிறார்களே, அந்தச் செயற்கைத்தன்மைதான் அதன் வலிமை.

ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பரிசு யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும்படி மாற்றியபோது அந்த இடைவெளி மறைந்துவிட்டது. என் சாதி தெரிந்த இடத்தில் என் உழைப்புக்கு நியாயமான கூலி கிடைக்காது என்ற எதிர்பார்ப்புதான் அந்தச் சிறுவர்களின் கையைக் கட்டியிருக்கிறது என்று இருவரும் விளக்குகிறார்கள். பன்னிரண்டு வயதுக்குள் அந்தப் பாடத்தை யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

ஆட்சேபங்கள் உண்டு. சில்லறைக் காசுக்கு ஆடும் ஆட்டத்தில் மனிதர்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள் என்பது உண்மைதான். ஒருவர் ஒரு தொகையில் பங்கு பிரித்துத் தர, மற்றவர் அதை ஏற்கலாம், மறுத்தால் இருவருக்குமே ஒன்றுமில்லை என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் அதை 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை வைத்து ஆடவிட்டார்கள். தொகை ஏற ஏற, குறைந்த பங்கை மறுப்பவர்கள் அருகிப்போனார்கள். பணம் பெரிதானால் நடத்தை மாறுகிறது என்பதும் இப்படிச் சோதித்துத்தான் தெரியவந்தது. முன்னணிப் பொருளாதார இதழ்களில் வெளியான 18 ஆய்வகச் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்து 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். 11 மட்டுமே பழைய முடிவைத் தந்தன. தன் முடிவுகளை இப்படி வெளிப்படையாகத் திரும்பச் சோதித்துப் பார்க்கும் துறையை நான் கூடுதலாகவே நம்புகிறேன்.

உத்தரப் பிரதேசச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு. கலந்துகொண்டவர்கள் எல்லோரும் சிறுவர்கள், சிறுமிகள் இல்லை. புதிர் என்பது கணிதப் பாடமும் அல்ல. ஆனாலும் அங்கே சோதனைக்காகச் செய்ததை, நம் பள்ளிகளில் நிர்வாக வேலையாக ஆண்டுதோறும் செய்துவருகிறோம். உதவித்தொகைப் படிவத்துக்காக "எஸ்சி பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் சொல்வதைக் கேட்காமல் இங்கே படித்து முடித்தவர்கள் எத்தனை பேர்? நான் படித்த வகுப்பிலும் அலுவலக ஊழியர் வாசலில் நின்று பட்டியலை வாசிப்பார். எழுந்து நின்ற நண்பர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போவார்கள். உட்கார்ந்திருந்த எங்களுக்கு அன்றைக்கு எதுவும் உறைக்கவில்லை.

நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதி வெறியால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, சாதியைக் குறிப்பிட்டு மாணவர்களை அழைக்கக் கூடாது, உதவித்தொகைக்கு உரியவர்களைத் தலைமையாசிரியர் தன் அறைக்கு அழைத்துப் பேச வேண்டும் என்ற பரிந்துரைகள் இருக்கின்றன. சாதியைக் காட்டக் கைகளில் கட்டும் வண்ணக் கயிறு பற்றிய பரிந்துரை விவாதமாகி ஓய்ந்தது. பதிவேட்டைப் பற்றிய பரிந்துரையோ சின்ன விஷயமாகக் கடந்து போனது. 642 சிறுவர்களை வைத்துச் செய்த சோதனை, அது சின்ன விஷயமில்லை என்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது.

நம் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறைகளிடம் நான் கேட்பது இதுதான். அதே சோதனையைத் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் செய்யுங்கள். சிறுமிகளையும் சேருங்கள். புதிருக்குப் பதிலாகக் கணக்கு கொடுங்கள். பட்டியலைத் தலைமையாசிரியர் அறையில் தனியாகச் சொல்லும் பள்ளியையும் வகுப்பறையில் வாசிக்கும் பள்ளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவு எப்படி வந்தாலும் தமிழில் வெளியிடுங்கள். அதுவரை காத்திருக்காமல், இதைப் படிக்கும் ஆசிரியர்கள் அடுத்த முறை உதவித்தொகைப் பட்டியல் கைக்கு வரும்போது அதை வகுப்பில் வாசிக்காமல் இருங்கள்.