யென்னி ஹீரிகோஸ்கிக்கு ஒரு தங்கம் பாக்கி

பெண்கள் ஐஸ் ஹாக்கியில் இதுவரை ஆடிய டிஃபெண்டர்களில் யார் பெரியவர் என்று பேச்சு வந்தால், கனடாவின் ஜெரால்டின் ஹீனி, அமெரிக்காவின் ஆஞ்செலா ருஜீரோ என்ற பெயர்கள்தான் முதலில் வரும். இருவரும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள். ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய கௌரவப் பட்டியலான ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இருவருக்கும் இடம் உண்டு, அதற்கு முழுத் தகுதியும் உண்டு. ஆனாலும் என்னைக் கேட்டால் பின்லாந்தின் யென்னி ஹீரிகோஸ்கியைத்தான் சொல்வேன். ஒலிம்பிக்கிலும் சரி, உலக சாம்பியன்ஷிப்பிலும் சரி, அவர் தங்கம் வாங்கியதே இல்லை. அது தெரிந்தேதான் சொல்கிறேன்.

1987-ல் டாம்பெரே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லெம்பாலாவில் பிறந்தவர். அவர் எந்த நாட்டுக்கு ஆடினார் என்பதை வைத்துத்தான் அவருடைய ஆட்டத்தையே எடைபோட வேண்டும். பெண்கள் உலக சாம்பியன்ஷிப் 1990-ல் ஒட்டாவாவில் தொடங்கியது. 2017 வரை நடந்த 18 போட்டிகளிலும் இறுதி ஆட்டத்தில் மோதியது கனடாவும் அமெரிக்காவும்தான். ஒருமுறைகூட மூன்றாவது நாடு உள்ளே நுழையவில்லை. பின்லாந்துக்கு மிஞ்சிப்போனால் வெண்கலம். ஹீரிகோஸ்கி அணிக்குள் வந்தபோது கதவு அப்படித்தான் சாத்திக் கிடந்தது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2014 சோச்சியில் காலிறுதியிலேயே ஸ்வீடனிடம் தோல்வி. 2018 பியோங்சாங்கில் வெண்கலம், 2022 பெய்ஜிங்கில் மறுபடி வெண்கலம். இந்த மூன்று வெண்கலத்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

சரி, ஒரு டிஃபெண்டர் என்ன செய்கிறார்? பனித்தரையில் ஒரு அணிக்கு ஆறு பேர்: கோல்கீப்பர் ஒருவர், டிஃபெண்டர்கள் இருவர், முன்னால் ஆடுபவர்கள் மூவர். கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ எதிராக ஆடும்போது பின்லாந்தின் எல்லைக்குள் பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) வந்துகொண்டே இருக்கும். கனடாவின் மரி-ஃபிலிப் பூலானோ அமெரிக்காவின் ஹிலரி நைட்டோ முழு வேகத்தில் பாய்ந்து வர, அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஸ்கேட் செய்ய வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் முட்டித் தள்ளுவதற்கு நீண்ட காலம் தடை இருந்தது. அதனால் ஆளை இடித்துச் சாய்த்துத் தப்பிக்கவும் முடியாது. எந்தக் கோணத்தில் போய் நிற்பது, மட்டையை எங்கே வைப்பது, எதிராளியை எப்படிச் சுவரோரமாக ஒதுக்குவது, இவ்வளவுதான் கையில் இருக்கும் ஆயுதம். ஹீரிகோஸ்கி இதில் தேர்ந்தவர். அவர் பதறி நான் பார்த்ததில்லை. பக்கைப் பறித்ததும் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடித்துத் தள்ளுபவரும் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்து, முன்னால் ஓடுகிறவரின் மட்டைக்குச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அந்த முதல் பாஸிலிருந்துதான் பின்லாந்தின் தாக்குதலே தொடங்கும். பவர் பிளே வந்தால், அதாவது தண்டனையால் எதிரணியில் ஒரு ஆள் குறைந்தால், எதிரணியின் எல்லை தொடங்கும் நீலக்கோட்டில் நின்று ஆட்டத்தை நடத்துவதும் அவர்தான். தோல்வி நிச்சயம் என்று தெரிந்த ஆட்டங்களிலும் இப்படியே ஆடினார். உலக சாம்பியன்ஷிப்பின் சிறந்த டிஃபெண்டர் விருதை 2009 முதல் 2019 வரை திரும்பத் திரும்ப அவருக்கே கொடுத்தார்கள். இரண்டு பெரிய அணிகளிலும் இல்லாத ஒருவருக்கு!

அப்புறம் 2019. சொந்த மண்ணில், எஸ்பூவில் உலக சாம்பியன்ஷிப். அரையிறுதியில் கனடாவை 4-2 என்று வீழ்த்தினார்கள். கோல்கீப்பர் நூரா ரட்டி அன்று 43 ஷாட்களைத் தடுத்தார். கனடாவும் அமெரிக்காவும் மட்டுமே ஆடிவந்த இறுதி ஆட்டத்துக்குள் முதல்முறையாக வேறொரு நாடு வந்தது, ஹீரிகோஸ்கியின் தலைமையில்.

இறுதி ஆட்டம் 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. அமெரிக்க கோலுக்கு முன்னால் வரை ஏறி வந்துவிட்டார் ஹீரிகோஸ்கி. கோல்கீப்பர் அலெக்ஸ் ரிக்ஸ்பி முன்னே வந்தார், இருவரும் மோதிக்கொண்டார்கள். பக் பெட்ரா நியெமினெனிடம் போனது, அவர் வலைக்குள் அடித்தார். கையுறைகளை வீசி எறிந்துவிட்டுப் பின்லாந்து வீராங்கனைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அரங்கமே எழுந்து கூத்தாடியது. அப்போது நடுவர்கள் வீடியோ பார்க்கப் போனார்கள். நிமிடங்கள் கரைந்தன. கடைசியில் தீர்ப்பு: கோல்கீப்பருக்கு இடையூறு, கோல் செல்லாது. அதே மோதலுக்காக, காலை இடறிவிட்டார் என்று ரிக்ஸ்பிக்கும் தண்டனை!

இதை நான் இன்றுவரை ஏற்கவில்லை. இடறியவர் கோல்கீப்பர் என்றால், இடறி விழுந்தவர்மேல் எப்படி இடையூறுக் குற்றம் சுமத்துவது? சர்வதேசக் கூட்டமைப்பு பின்னர் விதிகளைக் காட்டி விளக்கம் கொடுத்தது. படித்தேன், சமாதானம் ஆகவில்லை. ஒவ்வொருவராகத் தனியே போய் கோல்கீப்பரை எதிர்த்து அடிக்கும் ஷூட் அவுட்டில் அமெரிக்கா வென்று, தொடர்ந்து ஐந்தாவது முறையாகத் தங்கத்தை எடுத்துக்கொண்டது. அமெரிக்க வீராங்கனைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் தங்கள் ஆட்டத்தை ஆடினார்கள். ஆனால் அந்தத் தொடரின் மிகச் சிறந்த வீராங்கனை விருது யாருக்குப் போனது தெரியுமா? தோற்ற அணியின் டிஃபெண்டருக்கு. சிறந்த டிஃபெண்டர் விருதும் அவருக்கே.

அந்த ஒரு இரவை வைத்தே அவரைப் பேசுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. கிளப் ஆட்டத்தையும் பாருங்கள். பின்லாந்தில் யுவாஸ்கூலாவின் ஜே.வை.பி. அணிக்கு ஆடிவிட்டு, ஸ்வீடனின் வட கோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் லூலியோவுக்குப் போனார். 2018, 2019 இரண்டு வருடமும் லூலியோ ஸ்வீடன் சாம்பியன். 2020-ல் பெருந்தொற்றால் போட்டி முடிவில்லாமல் நின்றுபோக, 2021-லும் 2022-லும் மறுபடி சாம்பியன். 2022-23 சீசனில் அந்த ஸ்வீடன் லீக் உடம்பால் முட்டி ஆடவும் அனுமதி கொடுத்தது. முட்டாமல் தடுப்பதிலேயே ஆயுளைக் கழித்தவருக்கு அப்போது வயது 35. அந்த வயதில் ஆட்டத்தின் அடிப்படையே மாறினால் பலர் ஒதுங்கிவிடுவார்கள். அவர் தொடர்ந்து ஆடினார்.

2010-ல் கனடா 18-0 என்று ஸ்லோவாக்கியாவை அடித்து நொறுக்கிய சமயத்தில், மற்ற நாடுகள் முன்னேறாவிட்டால் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் தொடர முடியாது என்று ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஜாக் ரோக் எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்குப் பதில் சொல்லவேண்டிய பாரம் கனடாவின் தலையிலோ அமெரிக்காவின் தலையிலோ விழவில்லை. பின்லாந்து, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து வீராங்கனைகள்தான் அதைச் சுமந்தார்கள். வட அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக்கான பி.டபிள்யூ.ஹெச்.எல். ஆட்டங்களைத் தொடங்கியது 2024 ஜனவரியில். அப்போது ஹீரிகோஸ்கிக்கு 36 வயது. இருபது வயதுகளில் அவருக்கு அப்படி ஒரு மேடை கிடைத்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது.

பின்லாந்துப் பெண்களில் ரீக்கா சல்லினென் 2022-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். 2019 அணியில் 45 வயதில் ஹீரிகோஸ்கியோடு சேர்ந்து ஆடியவர் அவர். அடுத்தது ஹீரிகோஸ்கி. அதுவும் ஐந்து வருடம், பத்து வருடம் காக்க வைக்காமல், தகுதி பெறும் முதல் வருடத்திலேயே. பெண்களுக்கு ஒரு வருடத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் ஒதுக்காத தேர்வுக் குழு, அன்று அந்த இரண்டில் ஒன்றை அவருக்குக் கொடுக்கட்டும்.